பெரியப்பா விட்டுப்போன வெள்ளைக் காக்கட்டூ: நெஞ்சு இறகைப் பிடுங்கிக்கொள்கிறது, என்ன செய்யலாம்?

தாம்பரத்தான் | ஜூன் 8, இரவு 10.42

வணக்கம். பதிவு கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள். பிப்ரவரியில் என் பெரியப்பா காலமானார். அவர் கடைசி ஒன்பது வருஷம் வளர்த்த வெள்ளைக் காக்கட்டூ ஒன்று இப்போது எங்கள் வீட்டில் இருக்கிறது. அம்ப்ரெல்லா காக்கட்டூ என்பார்களே, கொண்டையை விரித்தால் குடை மாதிரி நிற்கும், அந்த இனம். பெயர் பாகவதர். கொண்டையைச் சிலுப்பிக்கொண்டு உச்சஸ்தாயியில் எடுப்பதைப் பார்த்து பெரியப்பா வைத்த பெயர்.

பெரியம்மாவுக்கு முழங்கால் வலி, கூண்டு கழுவ முடியவில்லை. பறவை விற்கிற ஒருவர் "நான் எடுத்துக்கொள்கிறேன்" என்று இரண்டு முறை வந்து போனார், பெரியம்மாவுக்குக் கொடுக்க மனசில்லை. ஏப்ரல் முதல் வாரம் நாங்கள் கொண்டுவந்துவிட்டோம். முதல் இரண்டு மாதம் சொர்க்கம் என்றுதான் சொல்ல வேண்டும். என் மனைவி மடியில் கைக்குழந்தை போல மல்லாந்து படுத்துக்கொள்ளும். பள்ளி விடுமுறை, நானும் பாதி நாள் வீட்டிலிருந்துதான் வேலை, காலை முதல் இரவு வரை யாராவது ஒருவர் தோளில் அது இருந்துகொண்டே இருந்தது.

ஜூன் பிறந்தது, பள்ளி திறந்தது, எனக்கும் அலுவலகம். இப்போது காலை 5.45-க்கு ஒரு கச்சேரி, சாயங்காலம் ஒரு கச்சேரி. நடுவிலும் ஆள் நகர்ந்தால் கத்தல். போன வாரம் பார்த்தால் நெஞ்சில் ஒரு கை அகலத்துக்கு இறகே இல்லை, சாம்பல் நிறத் தோல் தெரிகிறது. நேற்று என் பையன் கையைக் கவ்விவிட்டது, இரண்டு தையல். குடியிருப்போர் சங்கச் செயலாளர் வந்து நின்றுவிட்டுப் போனார்.

பக்கத்தில் இருக்கும் ஒரு கிளினிக்கில் காட்டினேன், தண்ணீரில் கலக்க ஏதோ ஆன்டிபயாடிக் பொடி கொடுத்தார்கள், ஒன்றும் மாறவில்லை. சாப்பாடு பெரியப்பா கொடுத்ததேதான்: சூரியகாந்தி விதை, தயிர்சாதம், பிஸ்கட். கூண்டு இரண்டடிக்கு இரண்டடி. இன்னொரு காக்கட்டூ வாங்கி ஜோடி சேர்த்தால் சரியாகுமா? கடையில் அப்படித்தான் சொல்கிறார்கள்.

வடைமாலை | ஜூன் 8, இரவு 11.05

தையலுக்கு வருத்தங்கள். ஆனால் இதுக்குப் போய் ஏன் கவலை, எங்கள் அக்கா வீட்டில் நான்கு காக்கட்டூ இருக்கிறது, கன்னத்தில் ஆரஞ்சுப் பொட்டு வைத்தது, விசில் அடிக்கும், சாது. கொஞ்சம் தினை போடுங்கள், அடங்கிவிடும்.

கோவை_கொண்டை | ஜூன் 9, காலை 6.10

வடைமாலை தம்பி, அது காக்கடீல். நம் ஊரில் பாதிப் பேர் காக்டெயில் என்று சொல்லி விற்பார்கள், குடிக்கிற சரக்கு மாதிரி. அதுவும் காக்கட்டூ குடும்பம்தான், குடும்பத்திலேயே குட்டி, எடை நூறு கிராம் பக்கம். இவர் வீட்டில் இருப்பது அரை கிலோவுக்கு மேல், வாதுமைக் கொட்டையை ஓட்டோடு உடைக்கிற அலகு. அந்த அனுபவத்தை வைத்து இதற்கு வைத்தியம் சொல்லாதீர்கள்.

தாம்பரத்தான், உங்களுக்கு விரிவாக எழுதுகிறேன், சமையல் முடித்துவிட்டு வருகிறேன். அதற்குள் ஒன்று மட்டும் பார்த்துச் சொல்லுங்கள்: தலையில் இறகு ஒழுங்காக இருக்கிறதா?

தாம்பரத்தான் | ஜூன் 9, காலை 7.30

தலை, கொண்டை, கன்னம் எல்லாம் அப்படியே இருக்கிறது அக்கா. நெஞ்சும் இடது தொடையும் மட்டும்தான்.

கோவை_கொண்டை | ஜூன் 9, காலை 11.48

நல்லது. அலகு எட்டாத ஒரே இடம் தலைதான். தலையிலும் கொட்டியிருந்தால் அது தானாகப் பிடுங்குவதில்லை, உள்ளே நோய் என்று அர்த்தம். பயப்பட வேண்டிய முதல் படி தாண்டியாயிற்று, ஆனாலும் டாக்டர் சோதனை வேண்டும், அதை நம் டாக்டர் வந்து சொல்லட்டும்.

என்னிடம் பதினாறு வருஷமாக ஒரு பெண் அம்ப்ரெல்லா இருக்கிறது. நீங்கள் இந்த இரண்டு மாதத்தில் செய்ததை நான் இரண்டு வருஷம் செய்தேன், அதனால் தயங்காமல் சொல்கிறேன்: பிரச்சினை ஜூனில் ஆரம்பிக்கவில்லை, ஏப்ரலில் ஆரம்பித்தது. மடியில் மல்லாத்திப் போட்டுக் கொஞ்சிய அந்தச் சொர்க்கம் இருக்கிறதே, அதுதான் விதை. காக்கட்டூவைத் தனியாக விட்டதால் கெட்டது என்று எல்லோரும் சொல்வார்கள். என் அனுபவத்தில் அளவில்லாமல் கொடுத்துவிட்டுத் திடீரென்று நிறுத்துவதுதான் அதைவிட மோசம். அதற்குப் பள்ளி திறக்கிற தேதி தெரியுமா? நேற்று வரை பன்னிரண்டு மணி நேரம் உடம்போடு ஒட்டி இருந்த கூட்டம், இன்று ஏழரை மணிக்குக் கதவைச் சாத்திக்கொண்டு காணாமல் போய்விட்டது. அவ்வளவுதான் அதற்குத் தெரிந்தது. அதற்கு முன்பு பெரியப்பாவும் இப்படித்தான் ஒரு நாள் காணாமல் போனார்.

இந்தப் பறவையின் ஊர் இந்தோனேஷியாவில் வடக்கு மலுக்கு, ஹல்மஹேரா, பச்சான், தெர்னாத்தே பக்கத்துத் தீவுகள். அங்கே ஒரு நாள் முழுக்க இதற்கு வேலை இருக்கும். மரம் மரமாகப் போய்க் காயைத் தேடு, தோலை உரி, கட்டையைச் சீவு, பொந்து பார், கழுகு வந்தால் கத்து. ஜோடியோடு இறகு கோதுவது அந்த நாளில் ஒரு பகுதி. நாம் என்ன செய்கிறோம்? வேலை எல்லாவற்றையும் பிடுங்கிவிட்டு, கிண்ணத்தில் சாப்பாட்டை நிரப்பிவிட்டு, இறகு கோதும் பகுதியை மட்டும் நாள் முழுக்கக் கொடுக்கிறோம். அப்புறம் அதையும் நிறுத்தினால் அலகுக்கு மிச்சம் இருப்பது சொந்த நெஞ்சு.

ஜோடி வாங்கவே வாங்காதீர்கள். மனிதரோடு ஒட்டிய பறவை இன்னொன்றைப் பார்த்ததும் காதலில் விழாது. ஆண் காக்கட்டூ கூண்டுக்குள் பெண்ணின் அலகை உடைத்த கதை, கொன்றே போட்ட கதை எல்லாம் வளர்க்கிறவர்கள் எல்லோருக்கும் தெரியும். கடைக்காரருக்கும் தெரியும். உங்களிடம் கத்துகிற வாய் ஒன்று இருக்கிறது, அது இரண்டாகும், அவ்வளவுதான். பாகவதர் ஆணா பெண்ணா என்று தெரியுமா? வெளிச்சத்தில் கண்ணைப் பாருங்கள். வளர்ந்த பறவையில் விழிப்படலம் செம்பழுப்பாக இருந்தால் பெரும்பாலும் பெண், கறுப்பாகத் தெரிந்தால் ஆண். உறுதியாகத் தெரிய டிஎன்ஏ சோதனைதான்.

வடைமாலை | ஜூன் 9, பகல் 12.15

மன்னிக்கவும் அக்கா, காக்டெயில் ஆசாமி ஓரமாக உட்கார்ந்து படிக்கிறேன்.

சிறகுவைத்தியர் | ஜூன் 9, இரவு 9.20

கால்நடை மருத்துவர்தான், ஆனால் இணையத்தில் பார்த்து மருந்து எழுத மாட்டேன். இறகு பிடுங்குவது நமக்குக் காய்ச்சல் வருகிற மாதிரி, பின்னால் பத்துக் காரணம் இருக்கலாம். மனசு என்று முடிவு கட்டுவதற்கு முன்னால் உடம்பைப் பார்த்துவிட வேண்டும்.

முதலில் அந்தப் பொடியை நிறுத்துவது பற்றிக் கொடுத்தவரிடமே பேசுங்கள். தண்ணீரில் கலக்கும் மருந்தைப் பறவை எவ்வளவு குடித்தது என்று யாருக்கும் தெரியாது, கசந்தால் தண்ணீரே குடிக்காது. அப்புறம் பறவைகளைப் பார்த்துப் பழகிய மருத்துவரிடம் போங்கள். சென்னையில் இருக்கிறீர்கள், வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரியில் விசாரித்தாலே வழி காட்டுவார்கள். ரத்தப் பரிசோதனை, கல்லீரல், எச்சம், இவற்றோடு பிபிஎஃப்டி வைரஸுக்கான சோதனையும் கேளுங்கள். அலகையும் இறகையும் தாக்குகிற வைரஸ் அது, 1970-களில் ஆஸ்திரேலியக் காக்கட்டூக்களில்தான் முதலில் விவரமாகப் பதிவானது, மருந்து கிடையாது. வீட்டிலேயே ஒரு துப்பு பார்க்கலாம்: ஆரோக்கியமான வெள்ளைக் காக்கட்டூவின் கறுப்பு அலகு மேல் சாம்பல் பூசியது போல மாவு படிந்திருக்கும். அலகு பளபள என்று மெருகு போட்டதுபோல் இருந்தால் அந்த மாவாக உதிரும் இறகுகளின் உற்பத்தி நின்றிருக்கலாம், உடனே வாருங்கள்.

கூண்டுக் கம்பி என்ன உலோகம்? கால்வனைஸ்டு கம்பி என்றால் அந்தப் பூச்சு துத்தநாகம். நாள் முழுக்க நக்கி, கடித்து, துத்தநாக நஞ்சு ஏறிய பறவைகளைப் பார்த்திருக்கிறேன். அதிலும் இறகு பிடுங்கும்.

சூரியகாந்தி விதையும் பிஸ்கட்டும் ஒன்பது வருஷம் என்றால் கல்லீரலில் கொழுப்பு, வைட்டமின் ஏ குறைவு இரண்டையும் எதிர்பார்க்கிறேன். எடை போட்டுச் சொல்லுங்கள்.

இன்னொன்று, வெளிப்படையாகவே சொல்கிறேன். முதுகையும் சிறகுக்கு அடியையும் தடவாதீர்கள். மடியில் போட்டு முதுகைத் தடவுவது நமக்குக் கொஞ்சல், அதற்குக் கலவிக்கு அழைப்பு. ஹார்மோன் ஏறும், கடிக்கும், கத்தும், முட்டையிடும் பறவையாக இருந்தால் முட்டை வைத்துக்கொண்டே இருக்கும். காக்கட்டூக்களில் எச்சத்துவாரம் பிதுங்கி வெளியே வருகிற கேஸ்கள் அதிகம், அதற்கு இதுவும் ஒரு காரணம், அறுவை சிகிச்சை வரை போகும். தலை, கன்னம், அதோடு நிறுத்துங்கள்.

தாம்பரத்தான் | ஜூன் 10, இரவு 11.31

டாக்டர், அக்கா, இருவருக்கும் நன்றி. படித்துவிட்டு மனைவி கொஞ்ச நேரம் பேசவே இல்லை.

மளிகைக்கடைத் தராசில் ஒரு பிளாஸ்டிக் கூடையோடு வைத்துப் போட்டோம், கூடை போக 612 கிராம். அலகில் மாவு இருக்கிறது, விரலால் தொட்டால் ஒட்டுகிறது. அந்த மாவு வேறு வீடெல்லாம். கறுப்பு டிவி மேல் என் பெண் தினமும் விரலால் தன் பெயரை எழுதிவைக்கிறாள், மறுநாள் மறுபடி எழுத இடம் தயாராக இருக்கிறது. கூண்டு வெல்டு மெஷ், கட்டடக் கடையில் வாங்கிய கம்பி போலத்தான் தெரிகிறது.

தினமும் சாயங்காலம் கொசுவுக்குச் சுருள், வெள்ளிக்கிழமை சாம்பிராணி போடுகிறோம். இதுவும் தப்பா?

சிறகுவைத்தியர் | ஜூன் 11, காலை 8.02

தப்புதான். பறவைக்கு நுரையீரலோடு காற்றுப்பைகளும் உண்டு. உள்ளே போகிற காற்றிலிருந்து நம்மைவிடத் திறமையாகப் பிராணவாயுவை எடுக்கும், அதே திறமையோடு புகையையும் எடுக்கும். சுருள், சாம்பிராணி, கற்பூரம், ரூம் ஸ்ப்ரே எதுவும் அது இருக்கிற அறையில் வேண்டாம். ஜன்னலுக்கு வலை அடியுங்கள். அதைவிட முக்கியம் நான்ஸ்டிக். வெறும் டெஃப்லான் கல்லை அடுப்பில் வைத்துவிட்டுப் போன் பேசப் போனால் அது அதிகமாகச் சூடாகி விடுகிற வாயு ஒரு பறவையைச் சில நிமிஷத்தில் கொன்றுவிடும், நமக்கு வாசனைகூட வராது. இரும்புக் கல்லுக்கு மாறுங்கள், தோசையும் நன்றாக வரும்.

வீட்டில் யாருக்காவது ஆஸ்துமா இருந்தால் இந்த இறகு மாவு பற்றி உங்கள் மருத்துவரிடம் கேளுங்கள். இதை நான் லேசாகச் சொல்லவில்லை.

பறக்கவிடு | ஜூன் 11, பகல் 1.17

எல்லோரும் கூண்டு அளவு, கம்பி உலோகம் என்று பேசுகிறீர்கள். ஒருவர்கூட இதை வளர்ப்பதே தப்பு என்று சொல்லவில்லை. பெரியப்பா போய்விட்டார், சரி, கூண்டைத் திறந்துவிடுங்கள். பறவைக்கு வானம்தான் வீடு.

கோவை_கொண்டை | ஜூன் 11, பகல் 2.40

எந்த வானம் தம்பி? தாம்பரத்து வானத்தில் அது பறந்தால் பத்து நிமிஷத்தில் காக்கை கூட்டம் சேர்த்துவிடும். பால்கனியில் கூண்டை வைத்தாலே என் பறவையைச் சுற்றிக் காக்கைகள் வந்து கம்பியைக் கொத்தும். அதற்குக் கழுகு எது, மின்கம்பி எது, எந்தக் காய் விஷம் என்று சொல்லித்தர ஒரு அம்மா இருந்ததே இல்லை. திறந்துவிடுவது விடுதலை இல்லை, நம் கண்ணுக்குத் தெரியாத இடத்தில் சாகவிடுவது.

வளர்ப்பதே தப்பு என்ற பாதியில் எனக்கு உங்களோடு சண்டை இல்லை. இன்றைக்கு இருக்கிற அறிவோடு பதினாறு வருஷத்துக்கு முந்தைய நான் கடை வாசலில் நின்றால், கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்துவிடுவேன். புதிதாக வாங்க ஆசைப்படுகிறவர்கள் யார் கேட்டாலும் வேண்டாம் என்றுதான் சொல்கிறேன். இவர் வாங்கவில்லை, இவரிடம் வந்து சேர்ந்திருக்கிறது.

சிட்னிவாசி | ஜூன் 11, இரவு 7.55

விட்டுவிட்டால் பிழைத்துக்கொள்ளும் என்று நினைப்பவர்களுக்கு, பிழைக்கத் தெரிந்த காக்கட்டூ எப்படி இருக்கும் என்று சொல்கிறேன். இங்கே மஞ்சள் கொண்டைக் காக்கட்டூ நம் ஊர்க் காக்கை மாதிரி. எங்கள் தெருவில் குப்பைத்தொட்டி மூடிமேல் செங்கல் வைத்திருப்போம். ஏனென்றால் அலகால் மூடியைத் தூக்கி, விளிம்பிலேயே பக்கவாட்டில் நடந்துபோய்ப் பின்பக்கம் தள்ளிவிடும். ஒன்று செய்வதைப் பார்த்து இன்னொன்று கற்றுக்கொள்கிறது. 2018-க்கு முன் மூன்று பேட்டைகளில் மட்டும் இருந்த பழக்கம் 2019 கடைசியில் 44 பேட்டைகளுக்குப் பரவியது என்று 2021-இல் சயன்ஸ் இதழில் கட்டுரையே வந்தது. இப்போது செங்கல்லையும் தள்ளிவிடக் கற்றுக்கொண்டுவிட்டன. என் பக்கத்து வீட்டுக்காரர் மூடி இடுக்கில் பழைய செருப்பைச் செருகுகிறார்.

இவ்வளவும் கூட்டத்தில் கற்றது. தனியாகக் கூண்டில் வளர்ந்ததற்கு இதில் ஒன்றும் தெரியாது, ஆனால் மூளை அதே மூளை. எங்கள் பால்கனி மரச்சட்டத்தை ஒரு மதியத்தில் நான்கு பறவைகள் சேர்ந்து சிராய் சிராயாக உரித்துப் போட்டுவிட்டன, பசிக்காக இல்லை, சும்மா. உங்கள் பாகவதருக்கு உரிப்பதற்கு என்ன கொடுத்திருக்கிறீர்கள்?

தாம்பரத்தான் | ஜூன் 11, இரவு 10.10

ஒரு பிளாஸ்டிக் மணி. ஒரு கண்ணாடி.

கோவை_கொண்டை | ஜூன் 12, காலை 6.25

கண்ணாடியை இன்றே எடுத்துவிடுங்கள், அதையும் ஜோடி என்று நினைத்துக்கொள்ளும்.

இனி செய்ய வேண்டியது. கூண்டு, குறைந்தது மூன்றடி அகலம், மூன்றடி ஆழம், நான்கடி உயரம், கம்பி இடைவெளி ஒரு அங்குலம், ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் என்றால் காலத்துக்கும் நிற்கும். தாழ்ப்பாளுக்குப் பூட்டுப் போடுங்கள், போல்ட்டை மரை கழற்றத் தெரிந்த ஜந்து இது. உள்ளே வழவழப்பான ஒரே குச்சி வேண்டாம், கொய்யாக் கிளை, வேப்பங்கிளை, தடிமன் மாறி மாறி, பட்டையோடு. ஒரு வாரத்தில் அதையும் உரித்துவிடும், உரிக்கட்டும், அதற்குத்தான். அரளி, எருக்கு, ஊமத்தை பக்கமே போக வேண்டாம்.

விளையாட்டுப் பொருள் என்று ஆயிரக்கணக்கில் ஆன்லைனில் கொட்டாதீர்கள். நம் ஊரில் குப்பையாகப் போகிறதெல்லாம் இதற்குப் புதையல். தேங்காய்த் தொட்டி, உரிக்காத தேங்காய் மட்டை, தென்னம்பாளை, சோளக்கதிர் தோலோடு, முருங்கைக் கொம்பு. சாயம் போடாத பனையோலைக் கொட்டான் கிடைத்தால் பத்து வாங்கிவையுங்கள். உள்ளே இரண்டு நிலக்கடலை, ஒரு துண்டு கேரட், வாயை ஓலையால் கட்டிவிடுங்கள். என் பெண் காக்கட்டூ அதை இடது காலில் பிடித்துக்கொண்டு (இந்த ஜாதியில் முக்கால்வாசியும் பீச்சாங்கை), முதலில் உருட்டிப் பார்த்து, முடிச்சை நாக்கால் தொட்டுப் பார்த்து, நேராகப் பிய்க்காமல் ஓலையின் பின்னலை ஒவ்வொன்றாக உருவும். நாற்பது நிமிஷம் வீட்டில் சத்தமே இருக்காது. கிண்ணத்தில் போட்டிருந்தால் அதே கடலை அரை நிமிஷம்.

சாப்பாட்டை ஒரே நாளில் மாற்றினால் பட்டினி கிடக்கும், பிடிவாதம் அப்படி. முளைகட்டிய பச்சைப்பயறு, கொண்டைக்கடலை, வேகவைத்த சர்க்கரைவள்ளி, பூசணி, முருங்கைக்கீரை, கொய்யா, மாதுளை என்று காலையில் பசியோடு இருக்கும்போது முதலில் வையுங்கள், நீங்களும் எதிரே உட்கார்ந்து தின்னுங்கள், கூட்டம் தின்பதைத்தான் அது தின்னும். பெல்லட் (பறவைகளுக்கான தீவன உருண்டை) கிடைத்தால் பெல்லட். மிளகாய்ப் பழம் தாராளமாகக் கொடுக்கலாம், பறவைக்குக் காரம் தெரியாது. தயிர்சாதம் வேண்டாம், பால் சர்க்கரையைச் செரிக்கிற வழி அதற்கு இல்லை. அவகாடோ, சாக்லேட், காபி, வெங்காயம் கண்டிப்பாகக் கூடாது.

கொஞ்சல் விஷயம்தான் கடினம். இன்றைக்கே நிறுத்தினால் இன்னும் மோசமாகும். மடி வேண்டாம், தனியாக ஒரு ஸ்டாண்டு. நீங்கள் அறையில் இருங்கள், பேசுங்கள், ஆனால் அது அதன் வேலையைச் செய்யட்டும். வெள்ளிக்கிழமையும் ஞாயிற்றுக்கிழமையும் ஒரே அளவு நேரம். ஞாயிறு பூராவும் கொஞ்சிவிட்டுத் திங்கள் விட்டுப் போவதை நிறுத்தினாலே பாதி.

கத்தினால் ஓடிப்போய் "சும்மா இரு" என்று நீங்களும் கத்தாதீர்கள், பாகவதருக்குப் பக்கவாத்தியம் சேர்ந்த மாதிரி ஆகிவிடும். விசில் மாதிரி ஒரு மெல்லிய சத்தம் செய்யும்போது மட்டும் உடனே பதில் விசில் கொடுங்கள். காலையும் அந்தியும் பத்து இருபது நிமிஷம் கத்துவது அதன் பிறவிக் குணம், அதை யாராலும் நிறுத்த முடியாது, சங்கத்துக்கு ஒரு டப்பா மைசூர்பாகு கொடுத்துச் சரிக்கட்டுங்கள்.

பறக்கவிடு | ஜூன் 12, காலை 9.00

அப்படியானால் ஆயுள் தண்டனை என்கிறீர்கள். எவ்வளவு வருஷம்?

சிங்கைக்காரன் | ஜூன் 12, காலை 10.36

சிகாகோ புரூக்ஃபீல்டு மிருகக்காட்சி சாலையில் குக்கி என்று ஒரு மேஜர் மிட்செல் காக்கட்டூ இருந்தது. அந்தச் சாலை 1934-இல் திறந்தபோது வந்த பறவை, 2016-இல் 83 வயதில் செத்தது. எல்லாம் அவ்வளவு போகாது, ஆனால் நன்றாகப் பார்த்தால் பெரிய இனங்கள் நாற்பது, ஐம்பது என்பது சாதாரணம். பாகவதரின் வயது தெரியாது, ஆனால் அடுத்த வாரிசு யார் என்று இப்போதே பேசிவைப்பது நல்லது. அவர் பெரியப்பா பேசிவைக்கவில்லை.

இங்கே சிங்கப்பூரில் வீட்டிலிருந்து தப்பியதும் விட்டதுமான காக்கட்டூக்கள் காட்டுப்பறவையாகவே திரிகின்றன, தனிம்பார் இனம், மஞ்சள் கொண்டை இனம். அதனால் சில இடத்தில் பிழைக்கும் என்பதும் உண்மைதான். ஆனால் அந்த ஊர்ப் பறவைகளின் பொந்தைப் பிடித்துக்கொள்ளும். இந்த மஞ்சள் கொண்டை (சிட்னியில் இருப்பது இல்லை, அதைவிடச் சிறிய வேறு இனம்) சொந்த நாட்டில் கிட்டத்தட்ட அழிவின் விளிம்பு. 2015-இல் சுரபாயா துறைமுகத்தில் தண்ணீர் பாட்டிலுக்குள் உயிரோடு திணித்துக் கடத்திவந்ததைப் பிடித்தார்கள், படம் பார்த்தவர்களுக்கு மறக்காது. அம்ப்ரெல்லாவும் அழியும் ஆபத்தில் இருக்கும் பட்டியலில்தான் இருக்கிறது.

சும்மா ஒரு செய்தி: காக்கட்டூ என்ற பெயரே மலாய் மொழியின் 'காக்காதுவா'. ஆணி பிடுங்கும் குறட்டுக்கும் அங்கே அதே பெயர். பையன் கையில் தையல் போட்டவருக்கு அர்த்தம் புரியும்.

சட்டப்புள்ளி | ஜூன் 12, மாலை 4.12

யாரும் கேட்கவில்லை, நான் கேட்கிறேன்: பதிவுச் சான்று இருக்கிறதா? பல பேர் "வெளிநாட்டுப் பறவைதானே, பச்சைக்கிளி மாதிரி இல்லை, பிரச்சினை இல்லை" என்கிறார்கள். பச்சைக்கிளியை வைத்திருப்பது குற்றம், அது சரி. ஆனால் 2022 திருத்தத்துக்குப் பிறகு சைட்டிஸ் (அருகிவரும் உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சர்வதேச ஒப்பந்தம்) பட்டியலில் உள்ள வெளிநாட்டு உயிரினங்களும் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் நான்காம் அட்டவணைக்குள் வந்துவிட்டன, 2023 ஏப்ரல் 1 முதல் அமல். வைத்திருப்பதைப் பதிய வேண்டும், கைமாறினால், குஞ்சு பொரித்தால், செத்தால் தெரிவிக்க வேண்டும். 2024 பிப்ரவரியில் விதிகள் வந்தன, மத்திய அரசின் பரிவேஷ் 2.0 இணையதளத்தில் விண்ணப்பம், ஏற்கெனவே வைத்திருந்தவர்களுக்கு அப்போது ஆறு மாத அவகாசம் இருந்தது. பெரியப்பா பதிந்தாரா என்று அவர் பீரோவில் தேடுங்கள். இல்லையென்றால் தலைமை வன உயிரினக் காப்பாளர் அலுவலகத்தில் நீங்களே போய் நிலைமையை எழுத்தில் சொல்லுங்கள், சங்கச் செயலாளர் புகார் கொடுக்கும்வரை காத்திருக்காதீர்கள்.

தாம்பரத்தான் | ஜூன் 13, இரவு 12.04

பெரியம்மாவிடம் கேட்டேன். பாஸ்புக்கோடு ஒரு ரப்பர்பேண்டு போட்டு வைத்திருந்தார், 2020-இல் தானாக முன்வந்து தெரிவித்த ரசீது ஒன்று, 2024-இல் பதிந்த காகிதம் ஒன்று. பெரியப்பா ஒழுங்கானவர்தான். பெயர் மாற்ற வேலையை ஆரம்பிக்கிறேன்.

தாம்பரத்தான் | ஜூலை 6, இரவு 9.15

நிலவரம். வைரஸ் சோதனையில் இல்லை என்று வந்துவிட்டது. ரத்தத்தில் துத்தநாகம் அதிகம், கல்லீரலும் சரியில்லை. டாக்டர் ஊகித்தது அப்படியே. சிகிச்சை நடக்கிறது. புதுக் கூண்டு 38,000 ரூபாய், வீட்டில் சோபா இருந்த இடத்தில் அது இருக்கிறது, நாங்கள் தரையில்.

கத்தல் குறையவில்லை. இரண்டாவது வாரம் அதிகமே ஆனது. மனைவி அழுதுவிட்டாள், ஒரு நாள் மடியில் எடுத்தும் விட்டாள், நான் ஒன்றும் சொல்லவில்லை.

கோவை_கொண்டை | ஜூலை 7, காலை 6.05

அதிகமாகத்தான் செய்யும். இதுவரை கத்தினால் வந்தார்கள், இப்போது வரவில்லை, அப்படியானால் இன்னும் உரக்கக் கத்திப் பார்ப்போம் என்பது அதன் கணக்கு. அந்த இரண்டாவது வாரத்தில்தான் பாதிப் பேர் பறவையை விற்றுவிடுகிறார்கள். மனைவியிடம் சொல்லுங்கள், நான் பதினோரு முறை எடுத்திருக்கிறேன்.

தூக்கம் எப்படி? இரவு டிவி ஓடுகிற கூடத்திலா கூண்டு? பன்னிரண்டு மணி நேரம் இருட்டும் அமைதியும் வேண்டும், முடிந்தால் ராத்திரிக்கு வேறு அறையில் சின்னக் கூண்டு. வெளியே விடும்போது சீலிங் ஃபேனை நிறுத்துங்கள், ஸ்விட்சுமேல் டேப் ஒட்டுங்கள்.

சிறகுவைத்தியர் | ஜூலை 7, காலை 8.30

ஓரிடத்தில் இறகு வேர் நசிந்திருந்தால் அங்கே மறுபடி முளைக்காமலே போகலாம். மொட்டை இருந்தாலும் பறவை நலமாக இருக்க முடியும், அதைத் தோல்வியாக எடுத்துக்கொள்ளாதீர்கள். புது இறகு முளைக்கும்போது அரிக்கும், பூந்தூறலாகத் தண்ணீர் தெளித்துக் குளிப்பாட்டுங்கள்.

தாம்பரத்தான் | அக்டோபர் 19, இரவு 10.50

தீபாவளி நெருங்குகிறது, வெடிச் சத்தத்துக்கு என்ன செய்யலாம் என்று கேட்க வந்தேன், அப்படியே நிலவரமும்.

எடை 571. தயிர்சாதம் நின்றது, பிஸ்கட்டை என் பெண் திருட்டுத்தனமாக வாரம் ஒன்று கொடுக்கிறாள், தெரிந்தும் தெரியாத மாதிரி இருக்கிறேன். டிஎன்ஏ சோதனையில் பாகவதர் பெண் என்று வந்தது. பெயரை மாற்ற யாருக்கும் மனசில்லை. தொடையில் இறகு வந்துவிட்டது. நெஞ்சில் முள்முள்ளாக வந்தது, பாதியை மறுபடி பிடுங்கிவிட்டது, மீதி நிற்கிறது. காலைக் கச்சேரி பதினைந்து நிமிஷம், அந்தியில் பத்து. பகலில் பெரும்பாலும் ஓலைக் கொட்டான். பெரியம்மா இப்போது வாரம் இருமுறை வந்து உட்கார்ந்து அவரே முடைந்துகொடுக்கிறார், சின்ன வயதில் கற்ற கைவேலையாம், எங்களுக்கு இதுவரை தெரியாது. முடையும்போது அது அவர் எதிரே ஸ்டாண்டில் நின்று தலையைச் சாய்த்துக் கையையே பார்க்கும். போன புதன்கிழமை முடிந்த கொட்டானை வாங்காமல், முடைந்துகொண்டிருந்ததின் ஓலை நுனியை அலகால் பிடித்துக்கொண்டது. பெரியம்மா மறுமுனையை விடாமல் அப்படியே இரண்டு பின்னல் போட்டார்.

சரி, வெடிக்கு வழி சொல்லுங்கள்.

கோவை_கொண்டை | அக்டோபர் 20, காலை 5.58

உள் அறை, ஜன்னல் சாத்தி, திரை போட்டு, மெல்லிய வெளிச்சம் ஒன்று எரியட்டும். கும்மிருட்டு வேண்டாம், பயந்து அடித்துக்கொண்டால் எது கம்பி என்று தெரியாமல் சிறகை உடைத்துக்கொள்ளும். ஃபேன் சத்தமோ ரேடியோவோ ஓடட்டும். இன்றைக்கே அந்த அறையில் இரண்டு மணி நேரம் பழக்குங்கள், அன்றைக்குப் புதிதாகக் கொண்டுபோகாதீர்கள்.

பெரியம்மா கொட்டானுக்கு விலை சொல்வாரா? எனக்கு இருபது வேண்டும்.

வடைமாலை | அக்டோபர் 20, காலை 7.12

எனக்கும் நான்கு. சின்ன சைஸ்.